லு ஆவ்ர் சாந்த்ர் பையன்களை ரீயூனியனில் இருந்து தொடர்வது எப்படி? எவன் தேறுவான் என்று எதை வைத்துச் சொல்வது?

சென்லூயி ரசிகன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பிரான்ஸின் லு ஆவ்ர் கால்பந்துக் கிளப்பின் சாந்த்ர் த ஃபொர்மாசியோனில் (இளையோர் பயிற்சி மையம்) இருக்கும் பையன்களை, அதிலும் நம் ரீயூனியன் தீவில் இருந்து போனவர்களை, இந்தப் பருவத்தில் ஒழுங்காகத் தொடரலாம் என்று நாங்கள் நாலைந்து பேர் பேசி வைத்திருக்கிறோம். நம் தீவு வீரர்கள் சினாமா-பொங்கோல், பாயே, ஓரோ எல்லாரும் அந்தக் கிளப் வழியாகப் போனவர்கள் என்பதால் இங்கே அதன் மேல் எப்போதும் ஒரு கண். ஆனால் இப்போது எங்களுக்குக் கிடைப்பதெல்லாம் இன்ஸ்டாகிராமில் ஏஜெண்டுகள் போடும் முப்பது வினாடி வீடியோதான். அதில் எல்லாப் பையனும் பெலேயாகத் தெரிகிறான்.

கேட்க வந்தது: எந்த ஆட்டங்களைப் பார்க்க வேண்டும், நம் நேரப்படி எப்போது? கோல் கணக்கைத் தவிர வேறு எதைக் குறித்து வைப்பது? அஸ்பிரான், ஸ்தஜியேர், எலீத் என்று ஒப்பந்தப் பெயர்கள் வருகின்றனவே, அவற்றுக்கு என்ன அர்த்தம்? பதினாறு வயதில் தீவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டால் கதை முடிந்ததா?

---

பழைய லிபெரோ எழுதியது:

தம்பி, முதலில் ஒன்று. பதினெட்டு நிரம்பாத பையன்களின் பெயரையோ பள்ளியையோ இந்த இழையில் யாரும் போட வேண்டாம். பொதுவாகவே பேசுவோம்.

நேரக் கணக்கு சுலபம். நமக்குக் கோடை, குளிர் என்று கடிகாரம் மாறுவதில்லை; அவர்களுக்கு மாறும். அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் மார்ச் கடைசி ஞாயிறு வரை நாம் 3 மணி நேரம் முன்னால், மற்ற மாதங்களில் 2 மணி நேரம். தேசிய யூ-19, யூ-17 (19, 17 வயதுக்கு உட்பட்டோர்) லீக் ஆட்டங்கள் பெரும்பாலும் ஞாயிறு. அங்கே மாலை 3 மணி ஆட்டம் என்றால் நமக்குச் செப்டம்பரில் 5, டிசம்பரில் 6. ரிசர்வ் அணி, அதாவது கிளப்பின் இரண்டாம் அணி, ஆட்டம் பெரும்பாலும் சனி. முடிவுகளும் புள்ளிப் பட்டியலும் பிரெஞ்சு கூட்டமைப்பின் இணையதளத்தில் போட்டிப் பக்கத்தில் வரும். யார் ஆடினார்கள் என்பதற்குக் கிளப்பின் சொந்தப் பக்கங்களும் 'பாரி-நொர்மாந்தி' நாளிதழும். இவை எல்லாவற்றுக்கும் மேல் பிரான்ஸின் இளையோர் கோப்பையான காம்பார்தெல்லா. டிசம்பர், ஜனவரியில் தொழில்முறைக் கிளப்புகளின் பையன்கள் அதில் இறங்கிவிடுவார்கள். தோற்றால் வெளியே என்கிற ஆட்டத்தில் பதினேழு வயதுக்காரன் எப்படி நடந்துகொள்கிறான் என்பதை லீக் ஆட்டம் காட்டாது.

இனி வயதுப் பிரிவு. இதைப் புரிந்துகொள்ளாமல் குறிப்பு எடுத்தால் எல்லாம் வீண். பிரான்ஸில் பிரிவு என்பது பிறந்த ஆண்டு. 2025-26 பருவத்தில் யூ-17 என்றால் 2009இல் பிறந்தவன், யூ-18 என்றால் 2008, யூ-19 என்றால் 2007. ஆகவே ஒரு பையன் "யூ-19இல் ஆடுகிறான்" என்று கேள்விப்பட்டதும் அவன் பிறந்த ஆண்டைப் பாருங்கள். 2007 என்றால் அது அவன் வயதுக்கு உரிய இடம், அவ்வளவுதான். 2009 என்றால் இரண்டு வருடம் மேலே ஆடுகிறான். எனக்குத் தெரிந்து இதைவிட நம்பகமான ஒற்றைக் குறி கிடையாது. பையனைத் தினமும் பார்க்கும் பயிற்சியாளர், தன் ஆட்டத்தில் தோற்கும் ஆபத்தையும் ஏற்று, மூத்தவர்களுக்கு நடுவே அவனை இறக்குகிறார் என்பது வாயால் சொல்லும் பாராட்டைவிடக் கனமானது.

பிறந்த மாதத்தையும் குறியுங்கள். ஜனவரி, பிப்ரவரியில் பிறந்தவன் அதே பிரிவில் இருக்கும் டிசம்பர்க்காரனைவிடப் பத்துப் பதினொரு மாதம் மூத்தவன். பதினைந்து வயதில் அது உயரத்திலும் எடையிலும் நன்றாகத் தெரியும். ஜனவரியில் இருந்து பிரிவு கணக்கிடும் நாடுகளின் அகாதமிகளில் ஆண்டின் முதல் மூன்று மாதப் பிறப்புகள் குவிந்திருப்பது இதனால்தான். அவர்களில் பலர் வெறும் உடம்பால் ஜெயிக்கிறார்கள். மற்றவர்கள் வளர்ந்து பிடித்ததும் அந்த வித்தியாசம் போய்விடும். நவம்பரில் பிறந்து, ஒல்லியாக இருந்தும் இடம் இழக்காமல் ஆடுகிறவன்தான் எனக்கு எப்போதும் சுவாரஸ்யம்.

அட்டவணையில் இத்தனை பத்தி போதும்: பிறந்த மாதமும் ஆண்டும், ஆடிய பிரிவு, தொடக்கப் பதினொருவரில் இருந்தானா, நிமிடம், ஆடிய இடம், காயம், ஒப்பந்த வகை, அது முடியும் ஆண்டு. 14 அணிக் குழு என்றால் 26 ஆட்டம், 2340 நிமிடம். என் கணக்கில், தன் வயதுக்கு ஒரு வருடம் மேலான பிரிவில் அதில் பாதியைத் தாண்டுகிறவன் கிளப்பின் திட்டத்தில் இருக்கிறான். ஆடிய இடத்தை ஏன் குறிக்கச் சொல்கிறேன் என்றால், யூ-17இல் பத்தாம் எண்ணில், அதாவது முன்களத்துக்குப் பின்னால் ஆட்டத்தை அமைப்பவனாக, ஆடியவனை யூ-19இல் பக்கவாட்டுப் பின்களத்துக்கு நகர்த்துவது சகஜம். பெற்றோர் அதைத் தண்டனையாக நினைப்பார்கள். பெரும்பாலும் அது "இவனை வைத்துக்கொள்ள ஒரு வழி தேடுகிறோம்" என்பதற்கான அடையாளம்.

கோல் கணக்கு ஏமாற்றும். அதற்கு நம் ஊர்ச் சாட்சியே இருக்கிறது. 2001இல் டிரினிடாடில் நடந்த யூ-17 உலகக் கோப்பையில் சினாமா-பொங்கோல் 9 கோல் போட்டார். தங்கக் காலணியும் தங்கப் பந்தும் அவருக்கே. லிவர்பூல் அப்போதே அவரை வாங்கிவிட்டது. அதன் பின் நல்ல தொழில் வாழ்க்கை அமைந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பிரான்ஸ் தேசிய அணிக்கு அவர் ஆடியது ஒரே ஓர் ஆட்டம். யூ-17 அளவில் வேகமாக ஓடுகிற முன்கள ஆட்டக்காரனுக்கு எதிரணிப் பின்களத்துக்குப் பின்னால் எப்போதும் காலி இடம் கிடைக்கும். வளர்ந்தவர்களின் ஆட்டத்தில் அந்த இடத்தை மூடிவிடுவார்கள்.

---

மொக்கா மோகனா எழுதியது:

மொரீஷியஸில் இருந்து வணக்கம். லிபெரோ அண்ணன் ஆட்டத்தைச் சொல்லிவிட்டார், நான் காகிதப் பக்கம் சொல்கிறேன்.

பையன் சாந்த்ருக்குள் நுழைவதற்கு முன்பே 'ஆக்கோர் த நோன் சொலிசிதாசியோன்' என்று ஓர் ஒப்புதல் வரும். 13, 14 வயதில் கையெழுத்தாகும். இதைப் பதிந்த பிறகு மற்ற பிரெஞ்சு தொழில்முறைக் கிளப்புகள் அவனை அணுகக் கூடாது. வெளிநாட்டுக் கிளப்பை இது கட்டுப்படுத்தாது.

அடுத்து அஸ்பிரான்: ஏறத்தாழ பதினைந்து முதல் பதினெட்டு வரை. பிறகு ஸ்தஜியேர், இருபது வயது வரை போகலாம். இரண்டும் பயிற்சி ஒப்பந்தங்களே, சம்பளம் சிறியது. எலீத் என்பது வேறு ரகம். முதலில் பயிற்சிக் காலம், அது முடிந்ததும் தொழில்முறைக் காலம் என்று முன்கூட்டியே பிணைப்பது. கிளப் ஒரு பையனுக்கு எலீத் கொடுத்தது என்றால், இவன் நழுவிவிடுவானோ என்று பயப்படுகிறது. அட்டவணையில் அதைச் சிவப்பில் போடுங்கள்.

தேதி ஒன்று முக்கியம்: ஏப்ரல் 30. ஒப்பந்தம் ஜூன் 30இல் முடிகிற பையனுக்குத் தொழில்முறை ஒப்பந்தம் தருகிறோமா இல்லையா என்று கிளப் அதற்குள் எழுத்தில், பதிவுத் தபாலில், சொல்லியாக வேண்டும். ஆகவே மே முதல் வாரத்தில் வரும் செய்தியைக் கவனியுங்கள். கிளப் கொடுத்தும் பையன் மறுத்தால், அந்தக் கிளப் சம்மதிக்காமல் மூன்று பருவங்களுக்கு வேறு பிரெஞ்சு தொழில்முறைக் கிளப்பில் கையெழுத்திட முடியாது. அதனால்தான் மறுக்கிறவர்கள் ஜெர்மனிக்கோ இத்தாலிக்கோ போகிறார்கள். அப்போது பழைய கிளப்புக்குக் கிடைப்பது பயிற்சிச் செலவுக்கான ஈடு மட்டுமே. இதில் ஐரோப்பிய நீதிமன்றமே 2010 மார்ச்சில், லியோனில் இருந்து நியூகாஸல் போன ஒலிவியே பெர்னார் வழக்கில், தீர்ப்புச் சொல்லியிருக்கிறது: பயிற்சிச் செலவை ஒட்டிய ஈடு கேட்கலாம், நஷ்ட ஈடு என்று வசூலிக்க முடியாது.

லு ஆவ்ருக்கு இதில் பெரிய காயம் அங்கே பயிற்சி பெற்ற நடுக்கள வீரர் போல் போக்பா. 2009இல், பதினாறு வயதில், முதல் அணிக்கு ஓர் ஆட்டம்கூட ஆடாமல் மான்செஸ்டர் யுனைடெட் போய்விட்டார். இரண்டு கிளப்புகளுக்கும் சண்டை நடந்து 2010இல் சமரசமானது. இன்றைக்கு அதே வழி கிடையாது. பிரெக்ஸிட்டுக்குப் பிறகு, 2021 ஜனவரி முதல், இங்கிலாந்துக் கிளப்புகள் வெளிநாட்டில் இருந்து பதினெட்டு நிரம்பாதவனை எடுக்க முடியாது. ஆகவே "செல்ஸி பதினாறு வயதுப் பையனைத் தூக்குகிறது" என்று யாராவது வாட்ஸாப்பில் அனுப்பினால், படிக்காமல் அடுத்ததுக்குப் போகலாம்.

ஒரு பெருமூச்சும் விட்டுக்கொள்கிறேன். உங்கள் பையன்கள் பிரெஞ்சுக் குடிமக்கள். உங்கள் தலைநகர் சென்-தெனியில் இருந்து லு ஆவ்ருக்குப் போவது சட்டப்படி உள்நாட்டு மாற்றம். எங்கள் தீவுப் பையனுக்கு ஃபீஃபாவின் 19ஆம் விதி குறுக்கே நிற்கும். பெற்றோர் கால்பந்துக்குத் தொடர்பில்லாத காரணத்தால் குடிபெயர்ந்தால் ஒழிய, பதினெட்டுக்கு முன் ஐரோப்பிய அகாதமியில் பதிவு செய்வது ஏறக்குறைய நடக்காத காரியம். பிரெஞ்சு வீரர் விகாஷ் தொராசூ மொரீஷியஸ் வம்சாவளிதான், லு ஆவ்ரில் வளர்ந்தவர்தான்; ஆனால் அவர் பிறந்தது அந்த ஊர்ப் பக்கத்திலேயே. நம் இரண்டு தீவுக்கும் நடுவில் இருப்பது சுமார் இருநூறு கிலோமீட்டர் கடல், ஆனால் விதி இரண்டு.

---

சென்லூயி ரசிகன் எழுதியது:

மிக்க நன்றி அண்ணா, அக்கா. ஒரு சந்தேகம். ஒரு பேச்சுக்கு: 2007இல் பிறந்த நடுக்கள ஆட்டக்காரன், ஜனவரியில் மூன்று வாரம் தொடர்ந்து முதல் அணியின் பெஞ்சில் உட்கார்ந்தான் என்று வையுங்கள். ஒரு நிமிடம்கூட இறங்கவில்லை. இதை எப்படி எடுத்துக்கொள்வது?

---

பழைய லிபெரோ எழுதியது:

முதல் கேள்வி, அந்த ஜனவரியில் ஆப்பிரிக்கக் கோப்பை நடந்ததா? பிரான்ஸின் முதல் அடுக்கான லீக் 1 ஆட்டத்துக்கு 20 பேர் பட்டியல், அதாவது பெஞ்சில் 9 இடம். ஆப்பிரிக்க நாட்டு வீரர்கள் கிளம்பிவிட்டால் அந்த 9 இடத்தை யாரைக் கொண்டாவது நிரப்பியாக வேண்டும். கடைசியாக 2025 டிசம்பர் 21 முதல் 2026 ஜனவரி 18 வரை மொராக்கோவில் நடந்தது. அந்த நாலு வாரப் பெஞ்சை நான் கணக்கிலேயே சேர்க்க மாட்டேன். பிப்ரவரியில், எல்லாரும் திரும்பி வந்த பிறகும், அவன் பட்டியலில் இருக்கிறானா? அப்போது பேசலாம்.

இரண்டாவது, பெஞ்சில் உட்கார்ந்ததற்காக அந்த வாரம் ரிசர்வ் ஆட்டத்தை இழந்தானா? இது பலர் பார்க்காத இடம். சனிக்கிழமை முதல் அணிப் பெஞ்ச், ஞாயிறு ஓய்வு என்று ஆறு வாரம் போனால் பையனின் கால் துருப்பிடிக்கும். நல்ல கிளப் மூன்று வாரத்துக்கு ஒருமுறையாவது கீழே இறக்கி 90 நிமிடம் கொடுக்கும்.

இதைவிட ஜூலை மாதம் நம்பகமானது. பருவத்துக்கு முந்தைய முகாமுக்கு யாரை அழைத்துப் போகிறார்கள், நட்பு ஆட்டத்தின் முதல் பாதியில் ஆடுகிறானா, எல்லாரையும் மாற்றிவிட்ட கடைசி இருபது நிமிடத்திலா என்று பாருங்கள்.

---

கரும்புத்தோட்டத்து கோலி எழுதியது:

லிபெரோ அண்ணனோடு ஒரு விஷயத்தில் ஒத்துப்போக மாட்டேன். "வயதுக்கு மேல் ஆடுகிறானா" என்பதை ஒற்றைக் குறியாக வைத்தால் கோல்கீப்பர்கள் எல்லாரும் தோற்றவர்களாகத் தெரிவார்கள். ஒரு அணிக்கு ஒரே கோலி. மூத்தவனுக்குக் காயம் பட்டாலொழிய இளையவனுக்கு இடம் வராது. பிரான்ஸ் கோலி மந்தாந்தா இதே லு ஆவ்ர் சாந்த்ரில் வளர்ந்தவர், முதல் அணியின் வலைக்கு வந்தபோது இருபது வயது, 2007இல் மார்செய் கிளப். கோலிக்கு 19 வயது வரை நிமிடக் கணக்கை விட்டுவிட்டு, ரிசர்வ் அணியின் பயிற்சியில் இருக்கிறானா என்பதை மட்டும் குறியுங்கள். மையப் பின்களத்துக்கும் பாதி இதே கதைதான்.

இன்னொன்று, யூ-17, யூ-19 என்று மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தால் வெளியே இருந்து நேரே ரிசர்வ் அணிக்கு வருகிறவர்களைத் தவற விடுவீர்கள். அல்ஜீரிய வீரர் மாரெஸ் லு ஆவ்ரின் இளையோர் பிரிவில் ஒருநாளும் ஆடவில்லை. 2010இல், பத்தொன்பது வயதில், கெம்பேர் என்ற பிரெஞ்சுக் கிளப்பில் இருந்து நேரே ரிசர்வுக்கு வந்தவர். அங்கிருந்து முதல் அணி, 2014 ஜனவரியில் இங்கிலாந்தின் லெஸ்டர். நம்ம ஓரோவும் அப்படித்தான்: இங்கே சென்-பியேருவாஸ் கிளப்பில் ஆடிக்கொண்டிருந்தவர் 2004இல் இருபது வயதில் போய், 2007-08 லீக் 2இல் (இரண்டாம் அடுக்கு) 28 கோல் போட்டு முதலிடம், கிளப் மேலே ஏறியது, அவர் பாரிஸ் சென்-ஜெர்மேன் போனார்.

"திருப்பி அனுப்பினால் முடிந்ததா" என்ற கேள்விக்குப் பாயேதான் பதில். பன்னிரண்டு வயதில், 1999இல், லு ஆவ்ர் போனார். 2003இல் ஊர் திரும்பினார். சென்-ஜோசெஃபின் எக்ஸெல்சியோரில் பெரியவர்களோடு ஆடினார். 2005இல் பிரான்ஸின் நாந்த் கிளப். 2016 யூரோ தொடக்க ஆட்டத்தில் ருமேனியாவுக்கு எதிராக 89ஆம் நிமிடத்தில் அடித்ததை யாருக்கும் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் இதை எல்லாருக்கும் ஆறுதல் மாத்திரையாகக் கொடுக்காதீர்கள். திரும்பி வந்தவர்களில் பாயே ஆனவர் ஒருவர்.

நம் பையன்கள் ஏன் திரும்புகிறார்கள் என்பதற்கு ஆட்டத்துக்கு வெளியே மூன்று காரணம் உண்டு, அட்டவணையில் அதற்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள். முதலாவது, பருவம் பொருந்தாதது. நம் லீக் ஆண்டுத் தொடக்கத்தில் ஆரம்பித்து ஆண்டு இறுதியில் முடியும். அவர்களுடையது ஆகஸ்டில் ஆரம்பித்து மே வரை. ஜூலையில் போகிற பையன் தன் பருவத்தின் நடுவில் கிளம்பி, ஓய்வே இல்லாமல் இன்னொரு முழுப் பருவத்துக்குள் போகிறான். பத்துப் பதினைந்து மாதம் தொடர்ந்து ஓடியபின் தொடைத் தசையோ இடுப்பு மூட்டோ பிடித்துக்கொள்ளும். வளர்கிற வயதில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முடிச்சில் வலி வருவதும் இதோடு சேர்ந்தால் மூன்று மாதம் போச்சு. இரண்டாவது குளிர். லு ஆவ்ர் கடற்கரை ஊர். நவம்பரில் காற்றும் மழையும் ஈர மைதானமும். உலர்ந்த தரையில் கற்ற முதல் தொடுதல் அங்கே சறுக்கும். மூன்றாவது, பதினோரு மணி நேர விமானம். மற்றவர்கள் வெள்ளிக்கிழமை ரயில் ஏறி வீட்டுக்குப் போவார்கள், இவன் சாந்த்ர் அறையிலேயே இருப்பான். ஆகவே முதல் பருவத்தில் டிசம்பர் வரை எந்தத் தீர்ப்பும் எழுதாதீர்கள். பிப்ரவரிக்குப் பின் வரும் நிமிடங்களே உண்மையானவை.

---

பழைய லிபெரோ எழுதியது:

கோலி விஷயத்தில் தம்பி சொன்னது சரி, திருத்திக்கொள்கிறேன். மாரெஸை வைத்து விதி எழுத முடியாது என்பது மட்டும் என் பதில். ஆனால் ரிசர்வைத் தனித் தாளில் எழுத வேண்டும் என்பது நியாயம். அங்கே எதிரணியில் இருப்பது முப்பது வயது அமெச்சூர்கள், முழங்கையோடு ஆடுகிறவர்கள். யூ-19இல் 20 ஆட்டத்தைவிட அதில் 8 ஆட்டம் அதிகம் சொல்லும்.

கடன் அனுப்புவதையும், அதாவது வேறு கிளப்பில் தற்காலிகமாக ஆட விடுவதையும், கேவலமாக நினைக்க வேண்டாம். நம் சென்-தெனியில் பிறந்த அஜோர்க் பிரான்ஸின் ஆன்ஜெர் கிளப்பில் வளர்ந்து, மூன்றாம் அடுக்கான நாசியோனாலில் உழைத்து, கிளெர்மோன் வழியாக ஸ்த்ராஸ்பூர் போகும்போது இருபத்து நாலு வயது. கடன் போன இடத்தில் ஆடுகிறானா என்பதே கேள்வி. லீக் 2 பெஞ்சைவிட நாசியோனாலில் 30 ஆட்டம் மேல்.

---

மொக்கா மோகனா எழுதியது:

ஒன்று விட்டுப்போச்சு. உங்கள் குழுவில் உள்ளூர்க் கிளப் ஆட்கள் யாராவது இருந்தால் இதைச் சொல்லுங்கள். ஒப்பந்தக் காலத்தில் ஒரு வீரன் நாடு விட்டு நாடு விலைக்குப் போனால், விலையில் 5 சதவீதம் அவனை 12 முதல் 23 வயது வரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரியும். 12 முதல் 15 வரையான நாலு பருவங்களுக்குத் தலா 0.25 சதவீதம், 16 முதல் 23 வரையான எட்டுக்குத் தலா 0.5. ஒரு கோடி யூரோ விலை, பையன் 12, 13 வயதுப் பருவங்களில் உங்கள் கிளப்பில் இருந்தான் என்றால் 50,000 யூரோ. சின்னக் கிளப்புக்கு அது பல வருடச் செலவு. 2022 நவம்பரில் இருந்து ஃபீஃபாவின் தீர்வகம், அலுவலகம் பாரிஸில், பதிவுகளைப் பார்த்துப் பணத்தைப் பிரிக்கிறது. ஆகவே பையனின் லிசான்ஸ் (வீரர் பதிவு) எந்தத் தேதியில் எந்தக் கிளப்பில் பதிவானது என்பது தப்பில்லாமல் இருக்க வேண்டும். பத்து வருடம் கழித்து உட்கார்ந்து தேடினால் பதிவு கிடைக்காது, பணமும் வராது.

அப்புறம் பெண்கள் பக்கத்துக்கும் ஒரு தாள் போடுங்கள். பிரெஞ்சு வீராங்கனை மெல்வின் மலார் சென்-தெனிக்காரிதான். லியோன் அகாதமி, பிறகு மான்செஸ்டர் யுனைடெட்.

---

சென்லூயி ரசிகன் எழுதியது:

போட்டுவிட்டேன் அக்கா. ரிசர்வுக்கும் கோலிகளுக்கும் தனித் தாள், பெண்களுக்குத் தனித் தாள், ஏப்ரல் 30 சிவப்பில். காம்பார்தெல்லா தொடங்கியதும் இதே இழையில் நிமிடக் கணக்கை, பெயர் இல்லாமல் பிறந்த ஆண்டும் ஆடிய இடமும் மட்டும் வைத்து, பதிகிறேன்.